17051 பிழை: தீபாவளிக்கு முன் "லைசென்ஸ்" போட்ட எஸ்க்யூஎல் சர்வர் இன்று ஓட மறுக்கிறது

மண்டிக்கணக்கு | வியாழன், காலை 8.50

அனைவருக்கும் வணக்கம். கீழமாசி வீதியில் உள்ள ஒரு பருப்பு மண்டியில் கணக்கையும் கணினியையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை கடை திறந்ததும் மூன்று பில் கணினிகளிலும் "சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று வந்தது. உள்ளறையில் சர்வராக வைத்திருக்கும் விண்டோஸ் 10 கணினியைப் பார்த்தால், பில் விவரங்களை வைத்திருக்கும் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் சர்வீஸ் நின்றிருந்தது. கையால் தொடங்கினால் இரண்டு நொடி ஓடிவிட்டு மறுபடியும் நின்றுவிடுகிறது. ஈவென்ட் வியூவரில் 17051 என்ற எண்ணுடன், எவாலுவேஷன் (சோதனை) காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி இருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பில்லிங் மென்பொருளை நிறுவிக் கொடுத்தவர்கள் கொடுத்த பில்லில் "தரவுத்தள லைசென்ஸ், 1" என்று தனி வரி போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய தொலைபேசியை இப்போது யாரும் எடுக்கவில்லை. கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன், ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், சர்வீஸின் கடவுச்சொல்லையும் மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. வருகிற 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியின் 3பி படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சித்திரைத் திருவிழா அன்னதானத்துக்குத் துவரம்பருப்பு கேட்டு வருகிறவர்களுக்குக் கையால் பில் எழுதிக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருக்கும் கணக்கு போய்விட்டதா, எடுக்க முடியுமா என்பதை மட்டுமாவது யாராவது சொல்லுங்கள்.

வைகைத்தென்கரை | வியாழன், காலை 9.25

முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள், கணக்கு எங்கும் போகவில்லை. எவாலுவேஷன் பதிப்பு நிறுவிய நாளிலிருந்து 180 நாள் ஓடும், அதற்கு மேல் சர்வீஸ் தொடங்காது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பிலிருந்து விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், நேற்றோ இன்றோ கணக்கு முடிந்திருக்கும். வைரஸுக்கும் கடவுச்சொல்லுக்கும் இதில் வேலை இல்லை. சர்வீஸ் ஓடாவிட்டாலும், உங்கள் தரவு எம்டிஎஃப் என்று முடியும் கோப்பிலும் எல்டிஎஃப் என்று முடியும் கோப்பிலும் அப்படியே இருக்கிறது.

எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்யும் முதல் தவறு அதுதான். அந்த இரண்டு கோப்புகளையும், பேக்கப் கோப்புகள் இருந்தால் அவற்றையும், இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள். அதன் பிறகு, நிறுவிய கோப்புறைக்குள் "லாக்" என்ற உள்கோப்புறையில் இருக்கும் எரர் லாக் கோப்பை நோட்பேடில் திறந்து, அதன் முதல் சில வரிகளைப் படித்துச் சொல்லுங்கள். எந்த ஆண்டின் மென்பொருள், எந்தப் பதிப்பு என்பது இரண்டும் அங்கே எழுதியிருக்கும். சர்வீஸ் ஓடாதபோது உங்களுக்கு எளிதாக உண்மை சொல்லக்கூடிய இடம் அது.

புதூர்வாசி | வியாழன், காலை 10.05

இதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, அண்ணே. கணினியின் தேதியை ஆறு மாதம் பின்னால் தள்ளிவிட்டு சர்வீஸைத் தொடங்கிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் இணையத்தில் 25 எழுத்துச் சாவிகள் எத்தனையோ கிடக்கின்றன, ஒன்றை எடுத்துப் போட்டால் எடுத்துக்கொள்ளும். எங்கள் பகுதிக் கடைகள் சிலவற்றில் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

தணிக்கைமேசை | வியாழன், காலை 10.40

புதூர்வாசி அவர்களுக்கு: நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், தேதியைப் பின்தள்ளிய கணினிகள் செய்த கூத்தைப் பலமுறை கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏப்ரலில் விற்ற பருப்புக்கு அக்டோபர் தேதியில் பில் விழும். அது வேறு வரி மாதம் மட்டுமல்ல, வேறு நிதியாண்டும்கூட. பில் எண்களின் வரிசை ஒரு பக்கம், தேதிகளின் வரிசை ஒரு பக்கம் என்று போனால் அதைப் பிரித்தெடுப்பதற்குள் எங்களுக்கு விடிந்துவிடும். தேதி தவறான கணினியில் உலாவி பாதுகாப்புச் சான்றிதழ்களை ஏற்க மறுப்பதால் ஜிஎஸ்டி தளமும் சரியாகத் திறக்காது. மண்டி கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு திருத்தமும் எந்தத் தேதியில் நடந்தது என்ற பதிவை அணைக்க முடியாதபடி வைத்திருக்கும் கணக்கு மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேதியே பொய்யான பிறகு அந்தப் பதிவுக்கு மதிப்பு ஏது?

இணையத்துச் சாவியைப் பற்றி: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. கடைக்காரர்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நிறுவிக் கொடுத்தவர் நழுவிவிடுவார், பயன்படுத்துகிறவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வைகைத்தென்கரை | வியாழன், காலை 11.10

சாவி "எடுத்துக்கொள்ளும்" என்று புதூர்வாசி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எஸ்க்யூஎல் சர்வர் விண்டோஸைப் போல இணையம் வழியாகத் தன்னைப் பதிவு செய்துகொள்வதில்லை. நிறுவும்போது போடும் சாவி, எந்தப் பதிப்பாக ஓட வேண்டும் என்பதை மட்டும் அதற்குச் சொல்கிறது. யாருக்கு விற்றது, எத்தனை பேருக்கு விற்றது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உரிம வகை என்ன என்று அந்த மென்பொருளிடமே கேட்பதற்கு "லைசென்ஸ் டைப்" என்று ஒரு பண்பு உண்டு. கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய இடத்தில் கேட்டாலும் அது "டிஸேபிள்டு" என்றுதான் பதில் சொல்லும், ஏனென்றால் அந்தக் கணக்கை அது வைத்துக்கொள்வதே இல்லை. ஆகவே சாவி ஏறிவிட்டது என்பதால் உரிமம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உரிமம் என்பது கடையின் பெயரில் உள்ள கொள்முதல் ஆவணமும் ஒப்பந்தமும்தான். மண்டிக்கணக்கு ஏமாந்த இடமும் இதுவே: அவருக்குச் சாவியும் போடவில்லை, உரிமமும் தரவில்லை, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய சோதனைப் பதிப்புக்கு விலை போட்டிருக்கிறார்கள்.

மண்டிக்கணக்கு | வியாழன், பிற்பகல் 3.30

எரர் லாகைப் பார்த்தேன். எஸ்க்யூஎல் சர்வர் 2014, என்டர்பிரைஸ் எவாலுவேஷன் பதிப்பு, 64 பிட் என்று இருக்கிறது. பிரதி எடுத்தாயிற்று, எம்டிஎஃப் கோப்பு 6 ஜிபிக்குச் சற்று மேல். பக்கத்துக் கடைத் தம்பி ஒருவர் இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பு இருக்கிறதே என்று சொன்னதால், முதலில் பராமரிப்புப் பகுதியில் உள்ள பதிப்பு மாற்றத்தின் வழியாக எவாலுவேஷனை எக்ஸ்பிரஸாக மாற்றப் பார்த்தேன். அப்படி ஒரு வழியே அதில் இல்லை. பிறகு 2014 எக்ஸ்பிரஸைத் தனி இன்ஸ்டன்ஸாக (அதே கணினியில் தனியாக ஓடும் இன்னொரு நிறுவலாக) நிறுவி, பிரதி எடுத்த கோப்புகளை இணைத்தேன். 909 என்று ஒரு பிழை வருகிறது, இந்தப் பதிப்பில் இந்தத் தரவுத்தளத்தைத் தொடங்க முடியாது என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

வைகைத்தென்கரை | வியாழன், மாலை 4.15

கெடவில்லை. நீங்கள் பிரதியில்தான் கை வைத்தீர்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பதிப்பு மாற்றத்தில் எவாலுவேஷனிலிருந்து ஸ்டாண்டர்ட், என்டர்பிரைஸ், டெவலப்பர் ஆகியவற்றுக்குப் போகலாம், எக்ஸ்பிரஸுக்கு இறங்க முடியாது. 909-க்குக் காரணம் வேறு. சோதனைப் பதிப்பு என்பது என்டர்பிரைஸின் எல்லா வசதிகளோடும் வருவது. உங்களுக்கு நிறுவியவர்கள் டிஸ்க்கில் இடம் மிச்சம் பிடிக்க, ஏதோ ஒரு பெரிய அட்டவணைக்குத் தரவுச் சுருக்கத்தைப் போட்டிருக்கிறார்கள். 2014-இல் அந்த வசதி என்டர்பிரைஸுக்கு மட்டுமே உரியது என்பதால், அதே ஆண்டின் எக்ஸ்பிரஸோ ஸ்டாண்டர்டோ அந்தக் கோப்பைத் திறக்காது. அதாவது நீங்கள் இன்றைக்கே பணம் கொடுத்து 2014 ஸ்டாண்டர்ட் சாவி வாங்கியிருந்தாலும் இதே சிக்கலில்தான் மாட்டியிருப்பீர்கள். சர்வீஸ் ஓடும் இடத்தில் இருந்தால், "பெர்சிஸ்டட் எஸ்கேயூ ஃபீச்சர்ஸ்" என்று முடியும் ஒரு சிஸ்டம் பார்வை, எந்தெந்த உயர்பதிப்பு வசதி தரவுத்தளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டும். இடம் மாற்றுவதற்கு முன்பு எப்போதும் அதைப் பார்த்துவிட வேண்டும்.

உங்களுக்கு வழி மேலே இருக்கிறது, கீழே இல்லை. 2016-இன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து தரவுச் சுருக்கத்தை எல்லாப் பதிப்புகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆகையால் 2019 எக்ஸ்பிரஸை நிறுவி, இன்னொரு பிரதியை அதில் இணையுங்கள், திறந்துகொள்ளும். ஒருமுறை 2019-இல் திறந்த கோப்பு மறுபடியும் 2014-க்குத் திரும்பாது என்பதால்தான் "இன்னொரு பிரதி" என்று அழுத்திச் சொல்கிறேன். தரவுத்தளம் எந்த ஆண்டின் மென்பொருள் போல நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் பொருந்தும் நிலை, 2014-க்கு உரிய 120 என்றே இருக்கும், அதை மாற்றாமல் விட்டுவிட்டால் பழைய பில்லிங் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது.

இணைக்கும்போது 5120 என்று அனுமதி மறுப்புப் பிழை வந்தால், புதிய சர்வீஸின் கணக்குக்கு அந்தக் கோப்புகளின் மேல் முழு உரிமை கொடுங்கள். எக்ஸ்பிரஸில் மற்ற கணினிகள் வலையமைப்பு வழியாக வருவதற்கான டிசிபி தொடர்பு அணைந்த நிலையில்தான் வரும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதைத் திறந்து, 1433 என்ற போர்ட்டை நிலையாகக் கொடுத்து, ஃபயர்வாலிலும் விட்டால் பில் கணினிகள் எட்டும். சர்வருக்குள் நுழையும் பெயரும் கடவுச்சொல்லுமான லாகின்கள் உங்கள் தரவுத்தளத்துக்குள் இல்லை, பழைய மாஸ்டர் தரவுத்தளத்தில் இருந்தன. ஆகவே அதே பெயரில் லாகினை உருவாக்கி, உள்ளே அநாதையாக நிற்கும் பயனரோடு மறுபடி முடிச்சுப் போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014-க்கு 2024 ஜூலையோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்கு அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ஒருவர் அதைக் கொண்டுவந்து புதிதாக நிறுவுகிறார் என்றால், அவரிடம் இருந்த பழைய டிவிடிதான் அவருடைய தொழில் என்று தெரிகிறது.

மண்டிக்கணக்கு | வியாழன், இரவு 10.45

ஓடிவிட்டது! 5120 வந்தது, டிசிபி சிக்கல் வந்தது, அநாதைப் பயனரும் வந்தார். நீங்கள் சொன்ன வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் பயமில்லாமல் தாண்டினேன். நேற்று மாலை கடைசியாகப் போட்ட பில் வரை எண்ணிக்கை சரியாக இருக்கிறது. முதலாளி பால் பன் வாங்கிக் கொடுத்தார்.

நிறுவியவர்களும் மாலையில் பேசினார்கள். "ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்களே வந்து புதுப்பித்துத் தருவோமே, அதற்குத் தனிக் கட்டணம்" என்றார் பேசியவர். புதுப்பிப்பது என்றால் அழித்துவிட்டு மறுபடியும் சோதனைப் பதிப்பை நிறுவுவதுதான் என்று இப்போது எனக்குப் புரிகிறது. இனி நிரந்தரமாக என்ன செய்வது? இணையக் கடை ஒன்றில் ஸ்டாண்டர்ட் சாவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கப்பலூர்ப்பட்டறை | வெள்ளி, காலை 7.30

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். முறையாகப் பணம் கட்டி வாங்கியும் பாடுபட்ட கதை என்னுடையது, மண்டிக்கணக்குக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கிய ஸ்டாண்டர்ட் சாவியைப் போட்டபோது "செல்லாத சாவி" என்றே வந்தது. ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு நாளே போயிற்று. கடைசியில் பார்த்தால் நாங்கள் வாங்கியது அப்போதைய புதிய ஆண்டுக்கான சாவி, கணினியில் இருந்ததோ அதற்கு முந்தைய ஆண்டின் மென்பொருள். சாவி அந்தந்த ஆண்டு வெளியீட்டுக்கு மட்டுமே பொருந்தும். நிறுவனங்களுக்கான வால்யூம் ஒப்பந்தத்தில் வாங்கியதால் பழைய வெளியீட்டை ஓட்டும் உரிமை எங்களுக்கு இருந்தது, ஆனால் அதற்குரிய சாவியை ஒப்பந்தத் தளத்துக்குள் போய்த் தனியாக எடுக்க வேண்டும் என்பதை விற்றவர் சொல்லவில்லை.

இன்னொரு அடி, செயலியின் கோர்களை எண்ணி உரிமம் வாங்கும் கணக்கில் விழுந்தது. எங்கள் மெய்நிகர் கணினிக்கு 2 கோர்தான் கொடுத்திருந்தோம், அதனால் 2 கோர் கட்டு ஒன்றை வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்தோம். கோர் முறையில் ஒரு மெய்நிகர் கணினிக்குக் குறைந்தது 4 கோர் வாங்கியாக வேண்டும் என்பது உரிமச் சரிபார்ப்பின்போதுதான் எங்கள் காதுக்கு வந்தது. மென்பொருள் அதுவரை ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை.

வைகைத்தென்கரை | வெள்ளி, காலை 9.00

கப்பலூர்ப்பட்டறை சொன்ன கடைசி வரியை எல்லாரும் இரண்டு முறை படிக்க வேண்டும்.

மண்டிக்கணக்குக்கு: அந்தச் சில ஆயிரம் ரூபாய்ச் சாவியை வாங்காதீர்கள். அது ஏறும், ஓடும், ஆனால் யாருக்கோ எந்த ஒப்பந்தத்திலோ கொடுத்த சாவியின் நகலாகத்தான் அநேகமாக இருக்கும், கடையின் பெயரில் ஒரு தாள்கூட வராது. சோதனை செய்து பார்க்க டெவலப்பர் பதிப்பு இலவசம் என்றாலும், அதில் கடையின் உண்மையான பில்லைப் போடக் கூடாது.

உங்களுக்கு எக்ஸ்பிரஸே போதும் என்பது என் கருத்து. வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் அது இலவசம். ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி, தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம் 1,410 எம்பி, அதிகபட்சம் 4 கோர் என்பவை அதன் எல்லைகள். மூன்று பில் கணினிகளுக்கு இது தாராளம். 10 ஜிபி என்பது தரவுக் கோப்புக்கு மட்டும்தான், லாக் கோப்பு அந்தக் கணக்கில் வராது. எல்லையைத் தொட்டால் 1827 என்ற பிழையோடு கோப்பு வளர மறுக்கும். 6 ஜிபி எப்படி வந்தது என்று பாருங்கள். பருப்பு மண்டியின் எழுத்தும் எண்ணும் மட்டும் அவ்வளவு வராது, லாரி ரசீதுகளைப் படமாக எடுத்துத் தரவுத்தளத்துக்குள்ளேயே போட்டு வைத்திருப்பார்கள். அவற்றைக் கோப்புறைக்கு மாற்றினால் பல வருடம் கவலையில்லை. 2025 வெளியீட்டின் எக்ஸ்பிரஸில் எல்லையை 50 ஜிபியாக உயர்த்தியிருக்கிறார்கள், உங்கள் பில்லிங் மென்பொருள் அதோடு ஒத்துப்போகிறதா என்று நிதானமாகச் சோதித்துவிட்டுப் பிறகு போகலாம்.

எக்ஸ்பிரஸில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். இரவுப் பேக்கப் தானாக ஓடாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அதை இன்றைக்கே ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் லைசென்ஸில் தப்பித்து டிஸ்க்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

தணிக்கைமேசை | வெள்ளி, காலை 11.20

நாளைக்கு ஸ்டாண்டர்டுக்கே போனாலும், பயனர் உரிமங்களை எப்படி எண்ணுவது? பில்லிங் மென்பொருள் ஒரே லாகினில்தான் சர்வருக்குள் போகிறது, ஆகவே ஒன்று போதும் என்று விற்பவர்கள் சிலர் எங்கள் கட்சிக்காரர்களிடம் சொல்கிறார்கள்.

வைகைத்தென்கரை | வெள்ளி, பகல் 12.05

போதாது. நடுவில் ஒரு மென்பொருளை வைத்துப் பத்துப் பேரை ஒரே கதவு வழியாக உள்ளே அனுப்பினாலும், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பத்துப் பேருக்கோ அவர்களுடைய பத்துக் கருவிகளுக்கோ கேல் எனப்படும் அணுகல் உரிமம் வாங்க வேண்டும். கடைகளில் மூன்று கணினியை ஏழு பேர் மாறி மாறிப் பயன்படுத்துவதால் கருவிக் கணக்கே சிக்கனம். சர்வர் எந்த ஆண்டோ, கேலும் அந்த ஆண்டாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும்.

ஒத்தக்கடை | வெள்ளி, மாலை 6.40

இத்தனை சிக்கலும் எதற்கு? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்குச் சாவியும் கிடையாது, 180 நாளும் கிடையாது, கோர் கணக்கும் கிடையாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய வேலை அது, இன்றுவரை யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலுக்கும் பயன்படுத்தும்படி திறந்தே இருக்கிறது.

மண்டிக்கணக்கு | வெள்ளி, இரவு 9.15

ஒத்தக்கடை ஐயா, எனக்கும் ஆசைதான். ஆனால் பில்லிங் மென்பொருள் எங்களுடையது அல்ல, அது எஸ்க்யூஎல் சர்வரிடம் மட்டுமே பேசும்படி எழுதப்பட்டிருக்கிறது. புது மென்பொருள் வாங்கும்போது இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்பேன்.

திருநகர் | சனி, காலை 10.00

சற்றே விலகிய கேள்வி, மன்னிக்கவும். எங்கள் நிறுவனத்தில் ஆரக்கிள் தரவுத்தளம் இருக்கிறது. நிறுவும்போது அது சாவியே கேட்கவில்லை. அப்படியானால் இந்தத் தொல்லை எங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வைகைத்தென்கரை | சனி, காலை 11.30

நேர்மாறாக, நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாவி கேட்காத வீட்டில் எல்லா அறையும் திறந்து கிடக்கும், எந்த அறைக்குள் போனீர்கள் என்று மட்டும் குறித்துக்கொள்வார்கள். ஆரக்கிளில் "ஃபீச்சர் யூசேஜ் ஸ்டாடிஸ்டிக்ஸ்" என்ற பார்வையில் அந்தக் குறிப்பு இருக்கிறது. என்டர்பிரைஸ் பதிப்பில் டயக்னாஸ்டிக், டியூனிங் ஆகிய இரண்டு பேக்குகளும் தொடக்கத்திலேயே திறந்த நிலையில் வரும், ஆனால் அவை தனி விலைக்கு உரியவை. உங்களில் ஒருவர் ஆர்வத்தில் ஏடபிள்யூஆர் என்ற செயல்திறன் அறிக்கை ஒன்றை எடுத்தால் அதுவும் பயன்பாடாகப் பதிவாகும். வாங்கவில்லை என்றால், மேனேஜ்மென்ட் பேக் அணுகலுக்கான அளவுருவை "நன்" என்று மாற்றி வையுங்கள்.

ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளம் மூன்றாவது வகை. அதில் உரிமம் ஒரு கோப்பாக வரும், டிபி2லிக்எம் என்ற கட்டளையால் அதை ஏற்ற வேண்டும், அதே கட்டளை காலாவதி நாளையும் காட்டும். பணம் கட்டியவர்கள்கூட அந்தக் கோப்பைத் தனியாக இறக்கி ஏற்ற மறந்துவிட்டு, சோதனைக் காலம் முடிந்ததும் திகைத்து நிற்பதுண்டு.

மண்டிக்கணக்கு | சனி, பகல் 2.10

காலாவதி நாளை முன்கூட்டிப் பார்க்க எஸ்க்யூஎல் சர்வரில் அப்படி வழி இல்லையா? இருந்திருந்தால் இந்த வியாழக்கிழமையே வந்திருக்காது.

வைகைத்தென்கரை | சனி, பகல் 2.45

நேரடியாக இல்லை, ஆனால் சுற்றுவழி உண்டு. சர்வரின் லாகின் பட்டியலில் "என்டி அத்தாரிட்டி, சிஸ்டம்" என்று ஒரு பெயர் இருக்கும். அது நிறுவும்போதே உருவாவதால், அது உருவான நாளோடு 180-ஐக் கூட்டினால் கெடு தெரிந்துவிடும். அதற்கு முன்பு "எடிஷன்" என்ற பண்பைக் கேட்டு, பதிலில் எவாலுவேஷன் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கெடுவே கிடையாது.

மண்டிக்கணக்கு | ஞாயிறு, இரவு 8.20

3பிக்கான விற்பனைத் தொகுப்பு இன்று தணிக்கையாளருக்குப் போய்விட்டது. நிறுவியவர்களுக்கு, பில்லின் நகலோடு, எந்த உரிமத்துக்குப் பணம் வாங்கினீர்கள் என்று கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்ப முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார். பேக்கப்பை டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்றிவிட்டேன், நேற்றிரவு ஓடிய கோப்பை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்தும் பார்த்தேன்.

சும்மா இருக்காமல், சிந்தாமணிப் பக்கம் உள்ள எங்கள் கிடங்கின் எடைமேடைக் கணினியிலும் இன்று அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். அதே ஆட்கள், அதே 2014, அதே எவாலுவேஷன். இன்னும் 23 நாள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கிடங்குக்கு விடுமுறை, அன்றைக்கே மாற்றிவிடுகிறேன்.